விருந்து மேசையில் ரயில் விட்ட மகாராஜா



செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு ரயில் சத்தம் பழகிப்போன ஒன்று. கொளவாய் ஏரியை ஒட்டி ரயில் போகும்போது ஜன்னலோரம் இடம் பிடிக்காத பிள்ளைகள் உண்டா? அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில், பரண் மேல் ஒரு பொம்மை ரயில் தூங்கிக்கொண்டிருக்கும். பெயின்ட் உரிந்திருக்கும், ஒரு வேகனின் கொக்கி உடைந்திருக்கும். அதைப் பழைய சாமான்காரரிடம் போடும் முன், இந்த இதழில் நாம் சந்திக்கும் மனிதரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

அவர் குவாலியர் மகாராஜா மாதவ ராவ் சிந்தியா. 1980-களில் ரயில்வே துறை அமைச்சராக இருந்தாரே, அதே பெயருடைய அவர் இல்லை. அவருடைய தாத்தா. தாத்தாவின் ரயில் பைத்தியம் பேரனுக்கும் வந்ததோ என்னவோ!

தாத்தா பிறந்தது 1876-ல். அப்பா ஜயாஜிராவ் காலமானபோது பையனுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. 1894-ல்தான் ஆட்சிப் பொறுப்பு முழுமையாக அவர் கைக்கு வந்தது. பதினெட்டு வயது இளைஞர். அந்த வயதில் அரசர்கள் குதிரை வாங்கினார்கள், புலி வேட்டைக்குப் போனார்கள். இவருக்கோ இயந்திரங்கள் மேல்தான் கண். 1890-களில் குவாலியரில் ஒரு சின்ன ரயில்பாதை போட்டார். தண்டவாளத்துக்கு நடுவே இடைவெளி 2 அடிதான். ராஜாவின் பொம்மை ரயில் என்றுதான் அதைச் சொல்லவேண்டும்.

அது பொம்மையாகவே நின்றுவிடவில்லை. அதே 2 அடி அகலத்தில் பிண்டுக்கும் சிவபுரிக்கும் பாதைகள் நீண்டன. 1899-ல் வைஸ்ராய் கர்சன் திறந்துவைத்தார். 1909-க்குள் இன்னொரு பாதை ஷியோபூர் வரை போய்விட்டது. குவாலியரிலிருந்து ஷியோபூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். விவசாயியும் வியாபாரியும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதில் போய்வந்தார்கள். 2020-ல்தான் அந்தச் சின்ன ரயில் நின்றது. இப்போது அகலப்பாதை வேலை நடக்கிறது. 2004-ல் சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் விடைபெற்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஷியோபூர்க்காரர்களின் மனசு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி அவருடைய மாடல் ரயிலுக்கு வருவோம். குவாலியரின் ஜெய் விலாஸ் அரண்மனைக்குப் போனால், விருந்து மண்டபத்தின் நீண்ட மேசையில் இன்றும் அதைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் மாடல் ரயிலுக்குப் பேர்போன பாசெட்-லோக் நிறுவனம் செய்து கொடுத்த வெள்ளி ரயில். இன்ஜினுக்குப் பின்னால் ஏழு வேகன்கள். சிந்தியா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் ஏழு, வேகனுக்கு ஒன்று. வழக்கமாக நிலக்கரியும் சரக்கும் ஏற்றும் வேகன், இங்கே மதுக்குடுவையும் சுருட்டும் சுமக்கும்படி மாறியது. மின்சாரத்தில் ஓடும். விருந்தாளி குடுவையைத் தூக்கினால் ரயில் நிற்கும். திரும்ப வைத்தால் கிளம்பும்.

மக்கள் கஷ்டப்பட்ட காலத்தில் மேசையில் வெள்ளி ரயிலா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதே மனிதர் செய்த இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வான்கூவருக்கும் ஹாங்காங்குக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா என்ற கப்பலை, முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ல் அவர் வாங்கினார். உள்ளே மாற்றி அமைத்து, காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவக் கப்பலாக்கினார். லாயல்டி என்று பெயரும் மாறியது. போர் முடிந்ததும் அதை சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வாங்கியது. வால்சந்த் ஹிராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் நடத்திய இந்தியக் கம்பெனி அது. 1919 ஏப்ரல் 5-ம் தேதி அந்தக் கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசிய கடல்சார் தினமாக இன்றும் கொண்டாடுகிறோம். பயணிகள் கப்பல் ஆஸ்பத்திரியாகி, பிறகு நாட்டின் பெருமையாகவும் ஆனது.

மாதவ ராவ் 1925 ஜூன் 5-ம் தேதி பாரிஸில் காலமானார். வயது 48. மகன் ஜீவாஜி ராவுக்கு அப்போது ஒன்பது வயது நிறையவில்லை. அப்பாவைப் போலவே சிறு வயதில் அரசுப் பொறுப்பு அந்தப் பிள்ளை தலையிலும் விழுந்தது. மாதவ ராவின் நினைவு மண்டபம் சிவபுரியில் இருக்கிறது, அவர் போட்ட சின்ன ரயில்பாதை ஒரு காலத்தில் போய்ச்சேர்ந்த அதே ஊரில்.

இப்போது உங்கள் பரண் ரயிலுக்கு வாருங்கள். வெள்ளி வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் வண்டியின் மேல்கூட்டைத் தனியாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். மோட்டாரும் சக்கரமும் இருக்கும் அடிப்பாகத்தில் தண்ணீர் படக்கூடாது. பிறகு பிரைமர், அதன் மேல் அக்ரிலிக் பெயின்ட். ஒரே பூச்சாகத் தடிமனாக அடித்தால் ஜன்னல் விளிம்பும் ரிவெட் புள்ளிகளும் மறைந்துவிடும். மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு அடியுங்கள். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சக்கரத்தில் பெயின்ட் பட்டால் வண்டி நகராது. வேகனில் ஏதாவது சுமை ஏற்றப்போகிறீர்களா? எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உயரத்தில் எடை ஏறினால் வளைவில் கவிழும்.

எந்த நிறம் என்று பேரப்பிள்ளைகளையே கேளுங்கள். முடிந்ததும் படம் எடுத்து அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். சரக்கு வேகனில் பேனா, பென்சில் ஏற்றி படிப்பு மேசையில் ஓடவிட்டால் இன்னும் மகிழ்ச்சி.