விளக்கேந்திய மங்கை வகுத்த ஒழுங்கு



கொலன்னாவையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கலாம். முதல் நாள் வாட்டுக்குள் நுழையும்போது அவளுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாத பயம் அது. அதை நீக்க வழி கண்டவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார்.

1820 மே 12 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். தாதித் தொழில் இழிவாக எண்ணப்பட்ட காலம்; வீட்டார் தடுத்தனர். ஆயினும் இறைவன் தம்மை அழைத்தார் என்ற உறுதி தளரவில்லை. 1854 இல், கிறிமியப் போரின்போது, 38 தாதியருடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். அம்மையார் அங்கிலிக்கன் சபையினர். எனினும் பெர்மொண்ட்சே மடத்துத் தாயார் மேரி கிளேர் மூர் அவருக்கு உற்ற தோழியானார்.

மக்கள் அளித்த நிதியைக் கொண்டு, 1860 இல் லண்டன் புனித தோமையார் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தோர் பதினைந்து பேர். அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டவை எழுத்தில் தரப்பட்டன: உண்மை, நேரந்தவறாமை, அமைதி, துப்புரவு, புண்ணுக்கு மருந்திடல், கட்டுப் போடுதல், படுக்கை விரித்தல், நோயாளிக்கேற்ற உணவு சமைத்தல், நோயின் குறிகளைக் கவனித்தல். மாதந்தோறும் தலைமைத் தாதி ஒவ்வொருத்தியின் முன்னேற்றத்தையும் பதிவு செய்தார்.

ஆனால் பட்டியல் மட்டும் போதவில்லை. கற்பித்தல் தளர்ந்திருப்பதை 1870களின் தொடக்கத்தில் அம்மையார் கண்டார். தாமே நோயுற்றிருந்தும் மாணவியரைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். 1872 முதல் அவர்களுக்குக் கடிதங்களும் எழுதினார். 1910 ஆகஸ்ட் 13 இல் இறைவனடி சேர்ந்தார்.

நல்ல சமாரியனை எண்ணிப் பாருங்கள். காயப்பட்டவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்தபோது, அவன் செய்யவேண்டியதையும் தான் ஏற்கப்போகும் செலவையும் தெளிவாகச் சொன்னான். வேலை கேட்பவன் விளக்கிச் சொல்லவும் கடமைப்பட்டவன்.

வாட்டுகளில் மூத்த தாதியராய் உழைக்கும் சகோதரிகளே, புதியவளைக் கடிந்துகொள்ளுமுன், அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா என்று உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள். பெற்றோரே, உங்கள் மகளுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்: தெரியாததைக் கேட்பது வெட்கமல்ல, தெரியாமல் ஊசி போடுவதே குற்றம். அந்தக் கட்டிலில் கிடப்பவர் நாளை நம் தாயாகவும் இருக்கலாம்.