நாலு பேர் என்ன சொல்வார்கள்?
புனித தேவசகாயம் காட்டும் வழி



கடவுளின் கட்டளை தெரியாததால் நாம் தவறுவது குறைவு. தெரிந்திருந்தும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சித் தவறுவதே அதிகம். வரதட்சணை பாவம் என்று அறிவோம். வாங்காவிட்டால் பையனிடம் ஏதோ குறை என்று ஊர் பேசுமே என்கிறோம். உடன்பிறந்தவனோடு சமாதானமாக ஆசை உண்டு. முதலில் படியேறிப் போனால் தோற்றவன் என்பார்களே என்று நின்றுவிடுகிறோம். இந்த அச்சத்தை வென்ற ஒருவரின் வாழ்வை இந்த ஜூபிலி ஆண்டில் நினைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்தவர் நீலகண்டன். ஊர் மதிக்கும் நாயர் குடும்பம். மார்த்தாண்டவர்மா மன்னரின் திருவிதாங்கூர் அரசில் அவருக்குப் பொறுப்பான பணியும் கிடைத்தது. சொத்து, பதவி, குலப்பெருமை எல்லாம் இருந்தன.

1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் தலைவரானார். அவர் கத்தோலிக்கர். குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் நீலகண்டன் மனம் சோர்ந்திருந்த காலத்தில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையை எடுத்துச் சொன்னார். அதுவே விசுவாசத்தின் வாசலாயிற்று.

அவர் விரும்பியிருந்தால் மனத்துக்குள் கிறிஸ்தவராகவும் வெளியே பழையபடியும் வாழ்ந்திருக்கலாம். இரவில் ஆண்டவரைத் தேடிவந்த நிக்கதேமுவைப் போல மறைவிலேயே இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவான பூத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்னும் பெயரை ஏற்றார்.

அவர் கோவிலுக்குப் போனதை மட்டுமே ஊர் கண்டிருந்தால் ஒருவேளை பொறுத்திருக்கும். அவரோ மனிதர் அனைவரும் சமம் என்று வெளிப்படையாகப் போதித்தார். தாழ்த்தப்பட்டவர்களோடு தயக்கமின்றிப் பழகினார். அந்த நாளில் இது குலத்தையே அவமதிக்கும் செயல். மேல்சாதியினரின் சினம் மூண்டது. அரச துரோகப் பழியும் சேர்ந்தது. 1749 பெப்ருவரி 23-ஆம் நாள் அவர் கைதானார்.

அவருக்குத் தரப்பட்ட தண்டனையைக் கவனியுங்கள். கைகளைப் பின்னால் கட்டி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின்மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். உடலை வதைக்கச் சாட்டை இருந்தது. காயங்களில் தேய்க்க மிளகாய்ப்பொடி இருந்தது. எருமையும் எருக்கம்பூவும் எதற்கு? அவருடைய மானத்தைக் கொல்வதற்கு. அவருக்கு வணக்கம் சொன்ன தெருக்களே அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்த வெட்கம் தாங்காமல் அவர் கிறிஸ்துவை மறுக்க வேண்டும் என்பதே திட்டம். அவர் அந்த வெட்கத்தை ஆண்டவரின் முள்முடியோடு சேர்த்து ஏற்றுக்கொண்டார். அவர் மறுக்கவில்லை.

பின்பு பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் பல மாதங்கள் கட்டிவைக்கப்பட்டார். அங்கே நடந்தது வேறு. மக்கள் கூட்டமாக அவரைத் தேடி வந்து செபம் கேட்டார்கள். நாம் அஞ்சுகிற அந்த நாலு பேரின் வாய் இப்படித்தான். இன்று சிரிக்கும், நாளை கைகூப்பும். அதை நம்பி ஆன்மாவை அடகு வைக்கலாமா?

1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தின் நடுவே சாதிக்கொரு பக்கமாகப் பிரிக்கும் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. வேதசாட்சியை வணங்கிய மக்களே, ஒரே பீடத்தின் முன் சேர்ந்து முழந்தாளிட அஞ்சினார்கள். புனிதருக்குத் திருநாள் எடுப்பது எளிது. அவர் வழியில் நடப்பதே கடினம்.

ஆகவே ஜூபிலி விருந்தன்று யார் பக்கத்தில் உட்காருவது என்று பார்க்காமல் ஒரே பந்தியில் அமர்வோம். பேச்சு நின்றுபோன வீட்டுக்கு நாமே முதலில் போவோம். ஊர் பேசினால் பேசட்டும். கடைசி நாளில் நம்மைத் தீர்ப்பிடப் போகிறவர் ஊரார் அல்ல, ஆண்டவர்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குத்தந்தை