ஒற்றர் சூழ்ந்த இல்லம்: வ.வே.சு. ஐயர் வாழ்வு

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அதன் முதற்குறள் ஒற்றரையும் நூலையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. அவ்விரண்டும் ஒருவர் வாழ்வில் அருகருகே நின்ற வரலாறு வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயருடையது. வாசலில் ஒற்றர் காத்து நிற்க, உள்ளே அமர்ந்து அவ்வதிகாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர்.

1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் ஐயர் பிறந்தார். வழக்கறிஞராகி இரங்கூனில் தொழில் நடத்திய பின், 1907இல் பாரிஸ்டர் படிப்பிற்காக இலண்டன் சென்றார். இந்தியா ஹவுஸ் விடுதியில் சாவர்க்கருடன் ஏற்பட்ட நட்பு அவர் வாழ்வின் திசையை மாற்றியது.

ஸ்காட்லாந்து யார்டு அவ்விடுதிக்குள் மாணவர் வேடத்தில் கீர்த்திகர் என்னும் ஒற்றரைப் புகுத்தியிருந்தது. அவரை இனங்கண்ட இளைஞர்கள் வெளியேற்றாமல் வைத்துக்கொண்டு, அவர் எழுதும் அறிக்கைகளைத் தாமே பார்வையிட்டு அனுப்பச் செய்தனர் என்றும், தம்முள் ஒருவரான திருமலாச்சாரியைப் போலீசாரிடமே ஒற்றராகச் சேர்த்தனர் என்றும் சாவர்க்கர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

1909 ஜூலை 1இல் மதன்லால் திங்கரா கர்சன் வில்லியைச் சுட்டுக் கொன்றபின் கண்காணிப்பு பன்மடங்காயிற்று. 1910 மார்ச்சில் சாவர்க்கர் சிறைப்பட்டார். ஐயர் பாரிசு சென்று, அங்கிருந்து மாறுவேடத்தில் அவ்வாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே முன்னரே அடைக்கலம் புகுந்திருந்தனர்.

1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்க முனைந்தவர்களுள் ஆஷும் ஒருவர். வாஞ்சிக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்று 1918இல் வெளிவந்த ரௌலட் குழுவின் அறிக்கை குறிப்பிட்டது. முத்துக்குளித்துறையை ஒட்டி வெடித்த அந்த ஒரு குண்டின் விளைவாகப் புதுச்சேரித் தெருக்கள் ஒற்றர்களால் நிறைந்தன. கடிதங்களும் வருவோர் போவோரும் வேவு பார்க்கப்பட்டனர். ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒற்றர்கள் பொய்ச் சான்றுகளைப் போட்டு வைத்ததும் உண்டு. தண்ணீர் இறைக்கையில் அவை வெளிப்பட, பிரெஞ்சுப் போலீசாரிடம் உடனே தெரிவிக்கப்பட்டது. வஞ்சகம் பலிக்கவில்லை.

1914 செப்டம்பர் 22இல் எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியபின், இவர்களை ஆப்பிரிக்காவிற்கு நாடு கடத்துமாறு ஆங்கில அரசு பிரெஞ்சு அரசை நெருக்கியது. எந்த நாளிலும் தாயகத்தை இழக்க நேரலாம் என்ற நிலையில், நிலைத்த பணி ஒன்றையாவது தமிழுக்கு விட்டுச் செல்ல ஐயர் விழைந்தார். குறள் முழுவதையும் இரவு பகல் பாராது ஆங்கிலமாக்கினார். அந்நூல் 1916இல் வெளிவந்தது. 1915இல் 'குளத்தங்கரை அரசமரம்' தம் துணைவியார் பாக்கியலட்சுமி அம்மாளின் பெயரில் வெளிவந்தது. அதுவே தமிழின் முதற் சிறுகதையா, தாகூர் கதையொன்றின் தழுவலா என்பன பின்னாளில் விவாதத்திற்கு உள்ளாயின. ஆயினும் தமிழ்ச் சிறுகதைக்குக் கலைவடிவம் தேடிய முன்னோடி ஐயர் என்பதில் ஐயமில்லை.

1920இல் தடை நீங்கி வெளிவந்த அவர் 'தேசபக்தன்' ஆசிரியரானார். எழுத்தே குற்றமாகக் கருதப்பட்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆய்வு உருவாயிற்று. பின்னர்ச் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனிப்பந்தி இடப்பட்டது பெரும் கொந்தளிப்பை விளைத்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பு நியாயமானது. அந்நிய அரசை அஞ்சாது எதிர்த்தவர், பந்தியில் இருந்த பேதத்தை உறுதியோடு நீக்காமற் போனது அவர் வாழ்வின் குறையாகவே நிற்கிறது.

1925 ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கக் குதித்த ஐயர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 44. அவரைக் கொண்ட தாமிரபரணி, பெரியதாழைக்கு வடக்கே புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது.

பத்தாண்டுகள் அவரை முடக்கியவர்கள் ஒற்றர்கள். களத்திற்குச் செல்லும் வழியை அவர்கள் அடைத்தபோது, அவர் ஆற்றல் முழுவதும் ஏட்டின்மீது பாய்ந்தது. அவரைப் பற்றி அவர்கள் எழுதிய குறிப்புகள் ஆவணக் காப்பகங்களில் ஆய்வாளர்க்காகக் காத்திருக்கின்றன. அவர் எழுதியவையோ இன்றும் தமிழரின் கைகளில் இருக்கின்றன.