ஆடலை மீட்ட அரசர்

பசிபிக் பெருங்கடலின் நடுவே எரிமலைகள் எழுப்பிய தீவுக் கூட்டம் ஒன்று உண்டு. அதுவே ஹவாய். அத்தீவுகளுள் ஒன்றில் உள்ள ஹீலோ என்னும் கடற்கரை நகரில், ஆண்டுதோறும் ஈஸ்டர் திருநாளை ஒட்டி ஆடல் விழா நடைபெறுகிறது. மலரும் இலையும் தொடுத்த மாலைகளைச் சூடிய ஆடவரும் மகளிரும் அணியணியாக அரங்கில் தோன்றுவர்; சுரைக்குடுவையின் தாளத்திற்கும் பண்டைப் பாடலுக்கும் இயைய, 'ஹூலா' என்னும் கூத்தினை ஆடுவர். 'களிப்பு மிக்க மன்னர்' எனப் புகழப்பெற்ற ஓர் அரசரின் நினைவாகவே இவ்விழா எடுக்கப்படுகிறது. அவர்தாம் கலாகௌவா.

பழைய ஹவாய் மக்களுக்கு எழுத்து இல்லை. தெய்வங்களின் பெருமையும், தலைவர்களின் குலமுறையும், முன்னோர் கடல் கடந்து வந்த வரலாறும் பாடல்களாகவே வாழ்ந்தன. அப்பாடல்களின் பொருளைக் கையாலும் காலாலும் புலப்படுத்துவதே ஹூலா. ஆகவே, அக்கூத்து அம்மக்களின் ஏடாகவும் விளங்கிற்று.

1820-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் அங்கு வந்தனர். அவர்கள் மக்களுக்கு எழுத்தறிவு ஊட்டினர். ஆனால், கூத்தினை இழிந்ததெனக் கருதினர். அவர்தம் சமயத்தைத் தழுவிய அரசி காஅஹுமானு, 1830-இல் பொது இடங்களில் ஹூலா ஆடுதலைத் தடை செய்தார். முதிய ஆசிரியர் சிலர் ஒதுக்குப்புறச் சிற்றூர்களில் அதனைக் காத்து வந்தனர். அயல்நாட்டார் வழியாகப் பரவிய கொடுநோய்களால் மக்கள்தொகையும் ஆண்டுக்காண்டு அருகிற்று. பாடுவோர் மறைய, பாடல்களும் மறையலாயின.

இந்நிலையில், 1836-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், ஹொனலூலுவில் தலைவர் குடியொன்றில் கலாகௌவா பிறந்தார். சமயத் தொண்டர்கள் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் கற்றார். பின்னர்ச் சட்டமும் பயின்றார். எனினும், தாய்மொழிப் பாடல்கள்பால் அவர் கொண்ட காதல் குன்றவில்லை. அவரும் அவருடன் பிறந்தார் மூவரும் பாடல் புனைவதில் வல்லவராயிருந்தனர்.

1874-இல் மன்னர் லுனாலிலோ வழித்தோன்றலின்றி இறந்தார். சட்டமன்றத்தார் கலாகௌவாவை அரசராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் இயற்றிய பாடல் நாட்டுப் பண்ணாயிற்று. 1881-இல் அவர் ஜப்பான், சீனம், சயாம், பர்மா, இந்தியா, எகிப்து, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றைக் கண்டு மீண்டார். உலகை வலம் வந்த முதல் அரசர் அவரே. சென்ற இடமெல்லாம் தத்தம் பழஞ்சிறப்பைப் போற்றும் மக்களைக் கண்ட அவர், தம் நாட்டின் பழஞ்சிறப்பையும் பேண முனைந்தார்.

1883-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முடிசூட்டு விழா நிகழ்ந்தது. நெடுங்காலம் மறைவில் வாழ்ந்த ஹூலா, அன்று அரண்மனை முற்றத்தில் ஊரறிய ஆடப்பட்டது. முதிய ஆசிரியர்கள் அழைக்கப்பெற்றனர்; இளைஞர்கள் அவர்களிடம் பயின்றனர். 1886-இல் நிகழ்ந்த அரசரின் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவிலும் கூத்து சிறந்தது. போர்ச்சுகீசியர் கொணர்ந்த சிறு நரம்புக் கருவியினின்று தோன்றிய உக்குலேலேயையும் அரசர் விரும்பி ஆதரித்தார். இரண்டாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட 'குமுலிப்போ' என்னும் படைப்புப் பாடலை 1889-இல் அச்சேற்றியவரும் அவரே.

விழாக்களுக்கும் அரண்மனைக்கும் பெரும்பொருள் செலவாயிற்று. அரசின் கடன் பெருகிற்று. இக்குறையைக் கரும்புத் தோட்ட முதலாளிகளும் அவர்தம் நண்பர்களும் பெரிதாக்கினர். 1887-இல் படைவலியைக் காட்டி அச்சுறுத்திப் புதிய அரசியல் சட்டமொன்றில் அரசரைக் கையொப்பமிடச் செய்தனர். அதனால் அரசரின் அதிகாரம் சுருங்கிற்று. சொத்தில்லாத நாட்டு மக்கள் பலர் வாக்குரிமை இழந்தனர். உள்ளமும் உடலும் நலிந்த கலாகௌவா, 1891-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோ நகரில் உயிர் நீத்தார்.

அவருக்குப் பின் தங்கை லிலியுஒகலானி அரசியானார். 1893-இல் அவரது ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. 1959-இல் அந்நாட்டின் மாநிலமாயிற்று. முடியும் செங்கோலும் மறைந்தன. ஆனால், அரசர் இயற்றிய பாடல் இன்று அம்மாநிலத்தின் பண்ணாக ஒலிக்கிறது. ஹீலோ விழாவில் 1971 முதல் ஹூலாப் போட்டியும் நடைபெறுகிறது. ஆசிரியரிடம் பன்னாள் முயன்று கற்ற இளைஞர்கள், தம் முன்னோர் மொழியில் பாடி ஆடுகின்றனர்.

கலாகௌவா தம் அரசைக் காக்க இயலாது போயினார். எனினும், அழிவின் வாயிலில் நின்ற கலையொன்றை முற்றத்திற்கு அழைத்து, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்துச் சென்றார். அச்செல்வத்தை எப்படைவலியாலும் பறிக்க இயலவில்லை.