பன்னிரண்டு அகவையில் அரியணை: நந்திவர்ம பல்லவமல்லனின் வாழ்வும் அரசுரிமைச் சிக்கலும்

கி.பி. 731ஆம் ஆண்டளவில் காஞ்சிபுரம் அரசனின்றி நின்றது. இரண்டாம் பரமேசுவரவர்மன் மேலைக் கங்க மன்னன் ஸ்ரீபுருஷனுடன் விளந்தையில் நிகழ்த்திய போரில் உயிரிழந்தான். அவன் ஆண்டது மூன்றாண்டுகள் அளவே. அவனுக்கு முன் ஆண்ட இராசசிம்மன் காலத்தில் பல்லவ அரசு கடல்கடந்தும் அறியப்பட்டிருந்தது. கி.பி. 720இல் அவன் தூதுக்குழு சீனத்தின் தாங் அரசவைக்குச் சென்றதைச் சீனக் குறிப்புகள் பதிந்துள்ளன. பாலாறு கடலோடு கலக்குமிடத்திற்கு அண்மையிலுள்ள வாயலூரில் அவன் பொறித்த தூண் கல்வெட்டு, பல்லவர் குடிவழியைப் பிரமனிலிருந்து தொடங்கி அவன் வரை ஒரே சங்கிலியாகக் கோத்துக் காட்டுகிறது. அச்சங்கிலியே அவன் மறைந்து சில ஆண்டுகளுக்குள் அறுந்தது.

அறுந்த இடத்தில் இணைக்கப்பட்டவனே இரண்டாம் நந்திவர்மன். பல்லவமல்லன் என்பது அவனது இயற்பெயர். முடி சூடியபோது அவனுக்கு அகவை பன்னிரண்டு.

அவன் வரலாற்றை அறிய மூவகைச் சான்றுகள் உள்ளன: காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சிற்பத் தொகுதியும் அதனுடன் பொறிக்கப்பட்ட விளக்கக் குறிப்புகளும், காசாக்குடி, உதயேந்திரம், தண்டந்தோட்டம் முதலிய செப்பேடுகள், சாளுக்கியர், பாண்டியர் ஆகிய பகையரசர்களின் ஆவணங்கள். சிற்பத் தொகுதியை முறையாக ஆராய்ந்து விளக்கியவர் சி. மீனாட்சி. அவர் மறைந்த பின்னர் 1941இல் அந்நூல் வெளிவந்தது. சிதைந்த எழுத்துகளைச் சிற்பங்களோடு ஒப்பிட்டுப் படித்த அவரது உழைப்பு இல்லையேல், இச்சிறுவனின் கதை வெறும் பெயர்ப் பட்டியலாகவே எஞ்சியிருக்கும்.

சிற்பக் குறிப்புகள் கூறும் செய்தி வருமாறு. பரமேசுவரவர்மன் மறைந்தபின் அமைச்சர்களும் கடிகையாரும் மூலப்பிரகிருதிகளும் கூடி இரணியவர்மனிடம் சென்றனர். இரணியவர்மன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் வந்தவன். புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன் என அவ்வழி காஞ்சி அரியணையிலிருந்து விலகியே தொடர்ந்தது. இரு கிளைகளும் பிரிந்து ஒன்றரை நூற்றாண்டை நெருங்கியிருந்தது. வந்தோர் வேண்டியதைக் கேட்ட இரணியவர்மன் தன் மக்கள் நால்வரையும் அழைத்து, யார் செல்வீர் என வினவினான். ஸ்ரீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் மறுத்தனர். இளையவனான பல்லவமல்லன் தான் செல்வதாக முன்வந்தான்.

தந்தை உடனே இசையவில்லை. பன்னிரண்டு அகவைச் சிறுவனை, அரசன் போர்க்களத்தில் மாண்ட ஒரு நாட்டிற்கு அனுப்ப எந்தத் தந்தை தயங்கமாட்டான்? தரண்டிகொண்ட போசர் என்னும் பெரியவர், இச்சிறுவன் பேரரசனாவான் என எடுத்துரைத்த பின்னரே இரணியவர்மன் ஒப்புக்கொண்டான். வந்தோர் கொணர்ந்த பேழையில் இருந்தவற்றைக் கண்டு இவை யானைத் தலைகளோ என ஐயுற்றதாகவும், அவை மகனுக்குரிய மகுடங்கள் என விளக்கப்பட்டதாகவும் ஒரு குறிப்பு உள்ளது. அரசவைப் புகழ்மொழிக்குள் இத்தகைய எளிய வீட்டுநிகழ்ச்சி இடம்பெறுவது அரிது.

மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து சிறுவன் வந்தான். பல்லவடி அரையர் பெரும்படையுடன் எதிர்கொண்டு யானைமேல் ஏற்றிக் காஞ்சிக்கு அழைத்துவந்தார். மாசாமந்தரும் நகரத்தாரும் காடக்க முத்தரையரும் வரவேற்றனர். பின்னர் நந்திவர்மன் என்னும் பெயரில் திருமுடி சூட்டப்பட்டது. கட்வாங்கக் கொடி, சமுத்திரகோஷம் என்னும் இசைக்கருவி, விடைச் சின்னம், விடேல் விடுகு என்னும் ஆணை ஆகிய அரசுரிமை அடையாளங்கள் அவனுக்கு அளிக்கப்பட்டன. இரணியவர்மனின் நாடு தென்கிழக்காசியாவில் இருந்தது எனச் சில ஆய்வாளர் கருதுவர். மலை, ஆறு, காடு எனத் தரைவழித் தடைகளையே எண்ணிச் சொல்லும் குறிப்பு கடலைச் சொல்லாமல் விட்டிருக்குமா என்பது அக்கருத்திற்கு எதிராக எழும் முதன்மை வினா.

பேரரசுகளில் சிறுவர் அரியணை ஏறுவது புதிதன்று. சீனத்தின் பிற்கால ஹான் மரபில், கி.பி. 106இல் நூறு நாள் அளவே நிரம்பிய மகவு பேரரசனாக்கப்பட்டு அவ்வாண்டிலேயே இறந்தது. அடுத்துக் கிளைவழிச் சிறுவன் ஒருவன் அரியணை ஏற்றப்பட்டான். இரு முறையும் ஆட்சியை நடத்தியவர் பேரரசி டெங். கி.பி. 146இல் எட்டு அகவைப் பேரரசன் ஒருவனை, அரசியின் உடன்பிறந்தானான லியாங் ஜி நஞ்சிட்டுக் கொன்றான். அங்கு வாரிசைத் தேர்ந்தது அரண்மனை உள்மனை; ஆண்டது தாய்வழிச் சுற்றம். காஞ்சியிலோ தேர்ந்தோராகக் காட்டப்படுவோர் அமைச்சரும் கடிகையாரும் நகரத்தாரும் ஆவர். அரசமாதேவி எவரும் இந்நிகழ்ச்சியில் குறிக்கப்பெறவில்லை. காசாக்குடிச் செப்பேடும் இவனைக் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றே போற்றுகிறது.

எனினும் இதனைக் குடிகளின் தேர்தல் எனக் கொண்டாடுவதில் அவசரம் கூடாது. சிற்பத் தொகுதி அச்சிறுவன் வளர்ந்து அரசனாக நிலைபெற்றபின் அமைந்தது. அது ஒரு தரப்பின் வாக்குமூலம். மறுதரப்பின் நிழல் உதயேந்திரம் செப்பேட்டில் விழுகிறது. சித்திரமாயன் என்பவனும் அவனைச் சார்ந்த திரமில அரசர்களும் நந்திபுரத்தில் நந்திவர்மனை முற்றுகையிட்டனர் என்றும், வேகவதிக்கரை வில்வலபுரத்தைச் சார்ந்த பூசான் குலத்து உதயசந்திரன் அம்முற்றுகையை உடைத்துச் சித்திரமாயனைத் தன் கையாலேயே கொன்றான் என்றும் அது கூறுகிறது. சித்திரமாயன் பரமேசுவரவர்மனின் மகனாதல் கூடும் என ஆய்வாளர் பலர் கொள்வர். அக்கருத்து சரியெனின், அரசனின் நேர்வாரிசு உயிரோடிருக்கவே கிளைவழிச் சிறுவன் கொண்டுவரப்பட்டான் என்பதாகும். அதே உதயேந்திரம் செப்பேடு நந்திவர்மனைப் பரமேசுவரவர்மனின் மகனென்றும் சொல்கிறது. காசாக்குடிச் செப்பேடோ இரணியவர்மனுக்கும் உரோகிணிக்கும் பிறந்தவன் என்கிறது. இம்முரணைப் படியெடுத்தோர் பிழை என ஒதுக்கலாம். மகன் அல்லாதவனை மகனாக்கிச் சொல்லும் தேவை ஒரு காலத்தில் அரசவைக்கு இருந்தது எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

உதயசந்திரன் இல்லையேல் இவ்வாட்சி இல்லை. நிம்பவனம், சூதவனம், நெல்வேலி, மண்ணைக்குடி எனப் பல களங்களில் அவன் வென்றதாகச் செப்பேடு அடுக்குகிறது. சபர அரசன் உதயணனை வீழ்த்தியதும், வேள்விக் குதிரையைப் பின்தொடர்ந்து வந்த நிஷாதத் தலைவன் பிருதிவிவியாக்கிரனைத் துரத்தியதும் அவன் செயல்களே. அரசனின் 21ஆம் ஆட்சியாண்டில் அவன் வேண்டுகோளின்படி ஓர் ஊர் 108 அந்தணருக்கு உதயசந்திரமங்கலம் எனும் பெயரில் வழங்கப்பட்டது. படைத்தலைவன் பெயர் ஊரில் நின்றது.

பகைவர் வடக்கிலும் தெற்கிலும் இருந்தனர். சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். கட்வாங்கக் கொடியும் சமுத்திரகோஷமும் அவன் கைக்குச் சென்றதைக் கேந்தூர்ச் செப்பேடு பெருமையுடன் கூறுகிறது. சிறுவனாக முடிசூடிய நாளில் கையளிக்கப்பட்ட அதே அடையாளங்கள் இவை. ஆயினும் விக்கிரமாதித்தன் நகரை அழிக்கவில்லை. இராசசிம்மேசுவரத்தின் பொற்குவியலைக் கோயிலுக்கே மீள அளித்தான். அவனது கன்னடக் கல்வெட்டு கயிலாசநாதர் கோயில் தூணொன்றில் இன்றும் உள்ளது. தெற்கே பாண்டியரோடு நிகழ்ந்த போர்களில் இரு தரப்பும் வெற்றியைத் தமதாக்கிக் கூறுகின்றன. காவிரித் தென்கரைப் பெண்ணாகடத்தில் பல்லவரை வென்றதாக நெடுஞ்சடையனின் வேள்விக்குடிச் செப்பேடு சாற்றுகிறது. கங்கரிடமிருந்து உக்கிரோதயம் என்னும் மணி பதித்த கழுத்தணியைக் கவர்ந்ததைத் தண்டந்தோட்டம் செப்பேடு கூறுகிறது. விளந்தைக்கு ஒருவகை ஈடு. இராட்டிரகூட தந்திதுர்க்கனோடு கொண்ட பகை மணவுறவில் முடிந்தது. இரேவா என்பாள் அவன் தேவி. அவள் மகன் தந்திவர்மன்.

திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரப் பதிகத்தில் இப்பல்லவனின் போர்வெற்றிகளைக் கோயிலோடு சேர்த்தே போற்றினார். அரியணை உரிமையைக் கல்லிலும் பாட்டிலும் ஒருங்கே நிறுவிக்கொண்ட அரசர் சிலரே.

இவனது ஆட்சிப்பரப்பின் நடுவிலிருந்த இன்றைய செங்கல்பட்டு வட்டாரத்தில் கூடுவாஞ்சேரியோடு இணைத்து வழங்கப்பெறும் ஊர்ப்பெயர் நந்திவரம். பெயரொலியை மட்டும் கொண்டு அதனை இவ்வரசனோடு பிணைப்பது முறையன்று. பல்லவருள் நந்திவர்மர் மூவர். நந்தி ஈசனின் ஊர்தியுமாவான். மாமல்லபுரக் கல்வெட்டோ ஐயத்திற்கு இடமில்லாதது. நந்திவர்மனின் 65ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பது அது. அப்போது அவனுக்கு அகவை எழுபத்தேழளவு. அடுத்து அரியணை ஏறிய தந்திவர்மன் மகனாகவே வந்தான். அவனைத் தேடி எவரும் மலையும் ஆறும் கடக்கவில்லை.