வான் காத்த தலைவர் டவுடிங்

போர்க்களத்திற் பகைவரைப் புறங்கண்ட வீரரை உலகம் நெடுங்காலம் போற்றுகின்றது. போர் மூளுமுன்னரே பல்லாண்டு எண்ணியிருந்து நாட்டுக்கு அரண் சமைத்தவரை அஃது அத்துணை நினைப்பதில்லை. அவ்வாறு அரண் சமைத்தவருள் ஒருவர், ஆங்கில நாட்டு வானப்படைத் தலைவராய் விளங்கிய ஹியூ டவுடிங் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ஸ்காத்லாந்திலுள்ள மாபட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூரில் ஒரு பள்ளிக்கூடம் நிறுவி நடத்தியவர். வின்செஸ்டர் கல்லூரியிற் பயிலுங்கால், கிரேக்க மொழியின் வினைச்சொற்களுக்கு அஞ்சியே இவர் படைத்தொழிலை நாடினார் என்பர். இலக்கணத்தோடு நாளும் மல்லாடும் நம்மனோர்க்கு இச்செய்தி நகை விளைக்கும். பின்னர்ப் பீரங்கிப் படையிற் சேர்ந்து, ஜிப்ரால்ட்டர், இலங்கை, ஹாங்காங், இந்தியா முதலிய இடங்களிற் பணி புரிந்தார். 1913ஆம் ஆண்டு விமானம் ஓட்டக் கற்றார்.

முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு, ஓயாது பறந்து களைத்த விமானிகளுக்கு ஓய்வு நல்குமாறு தம் மேலதிகாரியாகிய டிரென்சார்டிடம் வற்புறுத்தினார். அவரோ அதனை விரும்பாது, இவரைத் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பினார். 1918இல் மணம் புரிந்த மனைவியார், இளமகன் ஒருவனை விட்டு 1920இல் இறந்தார். இயல்பிலேயே பேச்சுக் குறைந்த டவுடிங் பின்னும் தனிமையர் ஆயினார்.

1930ஆம் ஆண்டு முதல் வானப்படையின் ஆராய்ச்சித் துறை இவர் பொறுப்பில் வந்தது. குண்டு வீசும் விமானத்தைத் தடுத்தல் எவராலும் இயலாது என்பதே அக்காலத்து அரசியலாரின் துணிபு. பகைவர் எப்பொழுது, எத்திசையில் வருவர் என அறியும் வழியின்மையால், காவல் விமானங்கள் நாள் முழுதும் வானிற் சுற்றித் திரிய வேண்டியிருந்தது. எரிபொருளும் விமானிகளின் வலிமையும் வீணாயின. இந்நிலையில், வானொலி அலைகள் விமானத்தின்மேற் பட்டு மீளுமாதலின், அவ்வெதிரொலி கொண்டு அதன் வரவை அறியலாம் என வாட்சன் வாட் என்னும் அறிஞரும் அவர் துணைவர் வில்கின்ஸும் கணக்கிட்டுக் காட்டினர். டவுடிங் ஏட்டுக் கணக்கை மட்டும் நம்பிப் பொருள் செலவிட இசையாது, கண்கூடான சோதனை வேண்டினார். 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் டாவென்ட்ரி ஒலிபரப்பு நிலையத்தருகே ஒரு விமானம் பறக்கவிடப்பட்டது. ஏறத்தாழ எட்டு மைல் தொலைவிலேயே கருவி அதனைக் காட்டிற்று. இதுவே பின்னாளில் ரேடார் எனப் பெயர் பெற்றது.

1936ஆம் ஆண்டு டவுடிங் போர்விமானப் படைக்குத் தலைவராகி, லண்டனையடுத்த பென்ட்லி பிரயரி மாளிகையில் அமர்ந்தார். அவர் பெருமை விளங்குவது இங்கேதான். கருவி கண்ணைப் போன்றது; கண் கண்டதை மனம் ஆராய்ந்து கைக்கு ஏவாவிடின் பயன் யாது? கடற்கரை நெடுகக் கோபுரங்கள் எழுந்தன. அவை கடலை மட்டுமே நோக்கின. உள்நாட்டு வானைத் தொண்டர்கள் கண்ணாலும் செவியாலும் காத்தனர். கோபுரங்கள் கண்ட செய்தி தொலைபேசி வழியே வந்து சேர, பென்ட்லி பிரயரியில் ஓர் அறையினர் மெய்யும் பிழையும் பிரித்து வடிகட்டினர். தெளிந்த செய்தி வட்டாரத் தலைமையிடங்களுக்குச் சென்றது. அங்கிருந்து வந்த ஆணையின்படி, தரையிற் காத்திருந்த விமானிகள் எழுந்து, வானொலி காட்டிய வழியே பகைவரை எதிர்த்தனர். இவ்வாறு சிறுபடை பெரும்படைக்கு ஈடாயிற்று.

1940ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு வீழ்ச்சியுறும் தறுவாயில், மேலும் போர்விமானங்கள் வேண்டுமென அந்நாடு மன்றாடிற்று. நட்பு நாட்டைக் கைவிடலாமோ என்று மந்திரிகள் கலங்கினர். டவுடிங் மே 16ஆம் நாள் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் வரைந்தார். நாட்டைக் காக்க 52 பிரிவுகள் தேவையென முன்னர் மதிப்பிட்டிருக்க, எஞ்சியிருப்பன 36 பிரிவுகளுக்கு நிகரானவையே. இவற்றையும் இழந்தால் பிரிட்டன் முற்றும் தோல்வியுறும் என அதில் அஞ்சாது உணர்த்தினார். சில நாட்களில் அரசாங்கமும் அம்முடிவுக்கே வந்தது. துன்புறும் நண்பருக்கு இல்லையெனக் கூறல் எளிதன்று. ஆயினும் அன்று அவர் இணங்கியிருப்பின், ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த பிரிட்டன் போரில் எதிர்த்து நிற்க விமானம் ஏது? அப்போரில் 500க்கு மேற்பட்ட அவர்தம் படைவீரர் உயிர் நீத்தனர். அவருடைய ஒரே மகனும் அப்படையில் விமானியாய்ப் பறந்தான்.

வென்ற தலைவருக்குக் கிடைத்த பரிசு வியப்புக்குரியது. செப்டம்பர் முதல் ஜெர்மானியர் இரவில் லண்டனைத் தாக்கினர். இருளிற் பகைவரைக் காண விமானத்துக்குள்ளேயே வைக்கும் சிறு ரேடார் வேண்டும். அதுவோ இன்னும் முதிரவில்லை. அது முதிரும்வரை பிற வழிகளாற் பெரும்பயன் இல்லையென அவர் உறுதியாய் நின்றார். நாள்தோறும் மடியும் மக்களைக் கண்ட அரசியலாரோ பொறுத்திலர். தம் கீழ்ப்பணிந்த பார்க், லீ மல்லரி என்னும் தளபதியர் இருவர்க்கும் மூண்ட பூசலை அவர் உரிய காலத்தில் தீர்க்காதது குறையே என்பதையும் நாம் மறைத்தல் முறையன்று. நவம்பர் 25ஆம் நாள் பதவி பிறரிடம் சென்றது. மறு ஆண்டு அரசாங்கம் வெளியிட்ட அப்போர் வரலாற்றுச் சிறுநூலில் அவர் பெயர்கூட இடம்பெறவில்லை. ஆனால் 1941ஆம் ஆண்டு வசந்தத்தில், அவர் காத்திருந்த கருவி முதிர்ந்து, இரவு விமானங்கள் பல வீழ்ந்தன.

1943இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இறந்தார். அவரது சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இன்று வானில் வருவன ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் ஆம். அவற்றைக் காணச் செயற்கைக் கோள்களும், கணக்கிடக் கணினிகளும், வீழ்த்த எதிர்க்கணைகளும் வந்துள்ளன. எனினும் காணல், தெளிதல், ஏவல், தடுத்தல் என்னும் டவுடிங்கின் வரிசை மாறிற்றில்லை. கணைகளை எண்ணிச் செலவிட வேண்டிய இடரும் மாறிற்றில்லை. புதுக்கருவி கண்டவுடன் மயங்காமலும், அது முதிருமுன் வெறுத்தொதுக்காமலும் அளந்து நின்ற அவர்தம் உள்ளத்திண்மை, கல்வி பயிலும் நாம் எந்நாளும் நினைவிற் கொள்ளத்தக்கதாகும்.