உயிர் காத்த மருந்துகளைத் தந்த சுப்பாராவ்

மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றுப்போன ஒரு பையனைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோமா? உலகம் முழுவதும் பயன்படும் பல மருந்துகள் பிறக்க, பின்னாளில் அந்தப் பையன்தான் காரணமாக இருந்தார். நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது, டாக்டர் சொல்லி அம்மா சாப்பிட்ட ஃபோலிக் அமில மாத்திரைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அவர் பெயர் எல்லப்பிரகத சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் வறுமை. பையனுக்கோ படிப்பில் மனம் செல்லவில்லை. 13 வயதில் ஒரு யோசனை தோன்றியது. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரனாகிவிடலாமே! உடனே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா வெங்கம்மா விடுவாரா? மகனைத் திரும்ப அழைத்துவந்து பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார்.

கடைசியில், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் படித்தார். துறவியாகிவிட வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் ஏழைகளுக்குச் சேவை செய்யலாமே என்று ராமகிருஷ்ண மடத்துப் பெரியவர்கள் வழிகாட்டினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது சுதந்திரப் போராட்டக் காலம். அந்நியத் துணியை விலக்கும்படி காந்திஜி கேட்டுக்கொண்டார். சுப்பாராவும் கதர் உடுத்த ஆரம்பித்தார். அறுவை சிகிச்சை அறையில் போடும் அங்கிகூடக் கதர்தான்! ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்றாக எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இதற்கிடையே குடும்பத்தில் பெரிய துயரம். அவருடைய சகோதரர்கள் இருவர், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ‘ஸ்ப்ரூ’ என்ற வயிற்று நோய்தான் காரணம். இந்த நோய் வந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு நிற்காது. சாப்பிடும் உணவின் சத்து உடம்பில் ஒட்டாது. ரத்தம் குறைந்து, ஆள் மெலிந்துகொண்டே போவார். அந்தக் காலத்தில் ஸ்ப்ரூவுக்குச் சரியான மருந்து இல்லை. டாக்டருக்குப் படித்தும் சகோதரர்களைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை சுப்பாராவின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. இந்த நோயை மறந்துவிடாதீர்கள். கடைசியில் மறுபடியும் இதனிடம் வருவோம்.

படிப்பு முடிந்து சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மனமோ ஆராய்ச்சியையே தேடியது. மாமனாரும், காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையும் பண உதவி செய்ய, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பில் சேர்ந்தார். கையில் காசு இல்லை. எல்.எம்.எஸ். பட்டத்துக்கு அங்கே மதிப்பும் இல்லை. அதனால் ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். இரவில் கழுவினார், பகலில் படித்தார்.

பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். ‘ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை’ என்று இன்றும் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நீங்கள் ஓடும்போதும், பந்து எறியும்போதும் தசைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளையும் 1929இல் இவர்கள் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனியாக அதைக் கண்டறிந்தார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். அதற்குப் பிறகு வந்தவைதான் அந்த அற்புத மருந்துகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலாவது, ஃபோலிக் அமிலம். புதிய ரத்த அணுக்கள் உண்டாக இந்த வைட்டமின் தேவை. கீரைகளில் இருக்கிறது. இலை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்துதான் இதன் பெயரே வந்தது. சுப்பாராவின் குழு இதைச் செயற்கையாகத் தயாரித்து, 1945இல் உலகுக்கு அறிவித்தது.

இரண்டாவது, ஹெட்ரசான். இது 1947இல் வெளிவந்தது. இதில் உள்ள மருந்தின் சுருக்கப் பெயர் டி.இ.சி. யானைக்கால் நோயைப் பரப்புவது கொசு. நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் நுண்ணிய புழுக் குஞ்சுகளை உறிஞ்சி, அடுத்தவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். டி.இ.சி. மாத்திரை ரத்தத்தில் உள்ள அந்தக் குஞ்சுகளை அழித்துவிடுகிறது. பிறகு கொசு கடித்தாலும் எதைப் பரப்பும்? இந்தியாவில் இந்த நோய் உள்ள மாவட்டங்களில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கொடுப்பது இந்த மாத்திரையைத்தான்.

மூன்றாவது கதை வேடிக்கையானது. பூட்டுக்குள் தப்பான சாவியை நுழைத்தால் என்ன ஆகும்? உள்ளே போகும், ஆனால் திறக்காது. சரியான சாவியும் நுழைய முடியாது. சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமளிக்கும் ‘தப்பான சாவி’களைத் தயாரித்தது. ரத்தப் புற்றுநோய் அணுக்கள் அதில் ஏமாந்துபோய், பெருக முடியாமல் திணறின. சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், பாஸ்டனில் நோயுற்ற குழந்தைகளுக்கு 1947இன் இறுதியில் அமினோப்டெரின் என்ற இந்த மருந்தைக் கொடுத்தார். பல குழந்தைகளுக்குச் சில மாதங்கள் நோய் தணிந்தது. அதுவரை யாரும் காணாத அதிசயம் அது! இதே வகையில் அடுத்து வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு, இதையே மிகக் குறைந்த அளவில் வாரம் ஒரு முறை கொடுத்து வீக்கத்தைத் தணிக்கிறார்கள்.

நான்காவது, ஆரியோமைசின். சுப்பாராவின் குழுவில் இருந்த பெஞ்சமின் டக்கர் என்ற முதியவர், மண்ணில் வாழும் பொன்னிற நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இதை எடுத்தார். பென்சிலினுக்கு மசியாத பல கிருமிகளும் இதற்கு அடங்கின. கிருமி உயிர்வாழப் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைத் தயாரிக்கவிடாமல் இந்த மருந்து தடுத்துவிடுகிறது. டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தில் முதலில் பிறந்தது இதுதான். 1994இல் குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் பரவியபோது கைகொடுத்தது டெட்ராசைக்ளின்.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். இப்படிப்பட்ட மருந்துகள் பாக்டீரியாவைத்தான் தாக்கும். சாதாரண ஜலதோஷத்தைத் தரும் வைரஸை ஒன்றும் செய்யாது. பல் வளரும் வயதில் டெட்ராசைக்ளின் சாப்பிட்டால் பற்களில் கறை படிந்துவிடும். எனவே, டாக்டர் சொல்லாமல் எந்த மருந்தையும் தொடாதீர்கள்.

ஆரியோமைசின் பற்றிய அறிவிப்பு 1948 ஜூலையில் வந்தது. அடுத்த மாதமே, தூக்கத்தில் மாரடைப்பு வந்து சுப்பாராவ் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அமெரிக்கா போனவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரியை மறுபடியும் பார்க்கவும் முடியவில்லை. மேடையேறிப் புகழ் தேடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் அவர் பெயர் பலருக்கும் தெரியாமலே போனது. நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கும் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சரி, ஸ்ப்ரூ நோயிடம் வருவோமா? இன்று அந்த நோய் வந்தால் டாக்டர்கள் என்ன மருந்து தருகிறார்கள் தெரியுமா? ஃபோலிக் அமிலமும், டெட்ராசைக்ளினும்! இரண்டுமே சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடத்தோடு தொடர்புள்ளவை. அவருடைய சகோதரர்களுக்குக் கிடைக்காத மருந்து, இன்று மற்றவர்களின் சகோதரர்களைப் பிழைக்கவைக்கிறது.